டோம் சி நாட்குறிப்பு: பனிக்குள் விண்தூசி தேடி

நாள் 1, ஹோபார்ட் (ஆஸ்திரேலியா)

காலையிலிருந்து ஒரே வேலை. பையைக் கவிழ்த்து உதறுவது, சட்டைப்பைகளை வெளியே இழுத்துத் தட்டுவது, பூட்ஸின் அடிப்பள்ளங்களைப் பல் துலக்கும் பிரஷால் தேய்ப்பது, ஜாக்கெட்டின் ஒட்டுப்பட்டையில் சிக்கிய நூலையும் விதையையும் இடுக்கியால் பிடுங்குவது. அண்டார்டிகாவுக்குக் கப்பல் ஏறும் எவரும் இதைச் செய்தாக வேண்டும். வேற்று நிலத்து விதை ஒன்றுகூட அங்கே போய் இறங்கக் கூடாது. என் தோள்பையின் மடிப்பில் காய்ந்த கறிவேப்பிலை ஒன்று கிடைத்தது. கோவையில் அம்மா பருப்புப் பொடி கட்டிக் கொடுத்த அன்று விழுந்திருக்க வேண்டும். அதையும் எடுத்துப் போட்டேன்.

நாங்கள் ஐந்து பேர் போவது தூசி பொறுக்க. வால்மீன்களும் சிறுகோள்களும் உதிர்க்கும் தூசி பூமியின் மேல் இடைவிடாமல் விழுந்துகொண்டிருக்கிறது. அதில் 30 முதல் 200 மைக்ரான் வரை அளவுள்ள துகள்கள் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 5,200 டன் தரையைத் தொடுகின்றன என்று 2021-இல் ஒரு கணக்கு வந்தது. கையில் எடுக்கும் அளவுள்ள விண்கற்களைச் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்குப் பத்து டன்னைத் தாண்டாது. வானத்திலிருந்து நமக்கு வரும் சரக்கில் பெரும்பங்கு, ஒரு தலைமுடியின் தடிமனை ஒட்டிய இந்தப் பொடிதான்.

கோவையில் எங்கள் மொட்டை மாடியிலும் அது விழுகிறது. ஆனால் அங்கே செம்மண், லாரிப் புகை, பஞ்சாலைத் தூசு, பக்கத்துப் பட்டறையின் இரும்புத் தூள் எல்லாவற்றுக்கும் நடுவே அதைத் தேட வேண்டும். அதனால்தான் மண்ணே இல்லாத இடத்துக்கு, அண்டார்டிகாவின் உள்ளே டோம் சி என்ற பனிமேட்டுக்குப் போகிறோம்.

என் தாத்தா பொற்கொல்லர். சாயங்காலம் பட்டறையைப் பெருக்கிய தூசியைத் தகர டப்பாவில் சேர்த்து வைப்பார். கை கழுவிய தண்ணீரைக்கூட வெளியே ஊற்ற விடமாட்டார். மாதக் கடைசியில் அந்தத் தூசியைக் கழுவி அரித்தால் கொஞ்சம் பொன் தேறும். எங்கள் தெருச் சாக்கடை மண்ணை அள்ளிக் கழுவிப் பிழைத்தவர்களும் இருந்தார்கள். இந்த வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் தகர டப்பாதான்.

நாள் 4, தென் பெருங்கடல்

எழுத முடியவில்லை. கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து எழுகிறது. கஞ்சி மட்டும் இறங்குகிறது.

படுத்தபடியே ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் துகள்களை மனிதர் முதலில் அடையாளம் கண்டது கடலடியில். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் ஆழ்கடல் சேற்றை வாரி எடுத்தது. அதில் போன விஞ்ஞானி ஜான் மர்ரே அந்தச் சேற்றுக்குள் காந்தத்தை விட்டபோது கரிய, பளபளக்கும் சின்ன உருண்டைகள் ஒட்டிக்கொண்டு வந்தன. அவை விண்ணிலிருந்து வந்தவை என்று அவர் சொன்னார். சரியாகவே சொன்னார். ஆனால் காந்தம் தனக்குப் பிடித்ததைத்தான் எடுக்கும். இரும்பு குறைந்த துகள்களும், தொட்டால் உதிரும் துகள்களும் அந்தச் சேற்றிலேயே தங்கிவிட்டன.

நாள் 7, ட்யூமோன் டியூர்வில்

பிரெஞ்சு நிலையம். பாறைத் தீவு முழுக்க அடேலி பென்குயின்கள். நாற்றம் கப்பலுக்கே வந்து வரவேற்றது.

எதிர்க்கரையில், ஐந்து கிலோமீட்டர் தள்ளி, காப் ப்ருதோம். மாலையில் அங்கே கூட்டிப்போனார்கள். பனித்தகடு கடலில் வந்து முடியும் விளிம்பு அது. கரையை ஒட்டிப் பனிக்கட்டி நீலமாக மின்னுகிறது. எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் உள்நாட்டில் விழுந்த பனி, நசுங்கி இறுகி, மெல்ல நகர்ந்து இங்கே மேலே தலைகாட்டுகிறது. மிஷல் மோரெத் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி முதலில் கிரீன்லாந்துப் பனி ஏரிகளின் அடியில் கிடந்த கரிய வண்டலைக் கழுவிப் பார்த்தார். பிறகு இங்கே வந்து நீலப் பனிக்கட்டியை உருக்கி வடிகட்டினார். 100 டன் உருக்கிச் சேர்த்த துகள்களைப் பற்றி அவர் குழு 1991-இல் நேச்சர் இதழில் எழுதியது. எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு இது ஆதி ஊர் மாதிரி. அந்தக் கட்டியின் மேல் கையுறையைக் கழற்றி உள்ளங்கையை ஒரு நிமிடம் வைத்தேன்.

ஆனாலும் இங்கே தங்காமல் மேலே போகிறோம். காரணம் இரண்டு. இந்தக் கட்டியில் அண்டார்டிகாவின் சொந்தப் பாறைத் தூளும் கலந்திருக்கிறது. அதோடு, பனி இறுகிக் கட்டியாகும் போதும், விளிம்பில் உருகி உறையும் போதும், வலுவில்லாத துகள்கள் நொறுங்கும். தண்ணீரில் கரையும் உப்புகள் போய்விடும். எனக்கு வேண்டியவை அந்த வலுவில்லாத துகள்கள்.

நாள் 9, டோம் சி

சறுக்குக் கட்டை பூட்டிய சிறு விமானத்தில் 1,100 கிலோமீட்டர். சன்னல் வழியே முதல் அரைமணி நேரம் வெடிப்புகள் தெரிந்தன. பிறகு ஒன்றுமே இல்லை. நான்கு மணி நேரத்துக்கும் மேல் வெள்ளை மட்டும். இறங்கிக் கதவு திறந்ததும் மூக்குக்குள் முடி உறைவது தெரிந்தது. மைனஸ் 34.

கொன்கோர்டியா நிலையம் இரண்டு உருளைக் கோபுரங்கள். பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து நடத்துகின்றன. 2005 முதல் குளிர்காலத்திலும் ஆட்கள் தங்குகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 3,233 மீட்டர். துருவத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் உடம்புக்கு 3,800 மீட்டர் மாதிரி இருக்கும் என்று மருத்துவர் சொன்னார். இரண்டு நாள் ஓய்வு என்பது உத்தரவு. படிக்கட்டில் ஒரு மாடி ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது. காலுக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் பனி. இங்கே துளையிட்டு எடுத்த பனித்தண்டுதான் எட்டு லட்சம் ஆண்டுகளின் காற்றைக் காட்டியது.

நாள் 10

தலைவலி. படுத்திருந்தேன். சாட்டிலைட் போனில் அம்மா.

"சாப்பிட்டயா கண்ணு? அங்கயாவது தூசி இல்லாம இருக்கா?"

"இல்லம்மா, சுத்தமா இருக்கு."

"அப்புறம் எதுக்கு அங்க போய் தூசி தேடறே?"

சுத்தமாக இருப்பதால்தான் தேட முடிகிறது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தா பட்டறையில துணி விரிச்ச மாதிரியா?" என்றார். அதேதான். பொன் வேலை நடக்கும் இடத்தில் தாத்தா வெள்ளைத் துணி விரிப்பார், உதிர்ந்தது கண்ணில் படட்டும் என்று. இந்தச் சமவெளி அப்படி ஒரு துணி.

தென் துருவத்திலும் இப்படி ஒரு துணி கிடைத்திருக்கிறது, எதிர்பாராத இடத்தில். அமெரிக்கர்களின் அமுண்ட்சென்-ஸ்காட் நிலையத்தில் குடிநீருக்காகப் பனிக்குள் வெந்நீர் விட்டு உருக்கிக் கிணறு மாதிரி ஆக்கியிருந்தார்கள். பனியில் இருந்த துகள்கள் எல்லாம் உருக உருக அடியில் போய்ப் படியும் அல்லவா? சூசன் டெய்லர் என்ற ஆய்வாளர் 1995-இல் அந்தக் கிணற்றடிக்கு ஓர் உறிஞ்சும் கருவியை இறக்கி விண்துகள்களை ஆயிரக்கணக்கில் எடுத்தார். தண்ணீர்த் தொட்டியின் அடி வண்டலைப் பார்க்கத் தோன்றியதே, அந்த எண்ணத்துக்குத் தலை வணங்குகிறேன்.

நாள் 12, குழி

நிலையத்தின் காற்றோட்டத் திசைக்கு எதிர்ப்பக்கம், ஜெனரேட்டர் புகை வராத இடத்தில் குழி. கடைசிச் சில நூறு மீட்டருக்கு வண்டி கிடையாது, நடைதான். இயந்திரம் தோண்டிய பள்ளத்தின் சுவரில், அது தொட்ட பகுதியை முதலில் கையால் சீவித் தள்ள வேண்டும். அதன் பிறகு குளிராடைக்கு மேல் வெள்ளை அறுவை அறை அங்கி, முகமூடி, பிளாஸ்டிக் கையுறை. அப்புறம்தான் உண்மையான வேலை.

நான்கு மீட்டர் ஆழத்தில் நின்றால் சத்தம் சுத்தமாக அறுந்துபோகிறது. சுவர் நீலமாக ஒளிர்கிறது. பக்கத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் கோடுகள். கோடைப் பனி பருமணலாகவும் குளிர்காலப் பனி நைஸாகவும் இருப்பதால் வரும் கோடுகள். இங்கே ஆண்டுக்கு விழும் பனி பத்து சென்டிமீட்டர்கூட இல்லை. நான்கு விரல்கிடை ஒரு வருடம். என் முகத்துக்கு நேரே இருப்பது, இங்கே இந்த நிலையம் எழுவதற்கு முன்னால் விழுந்த பனி. நிலையத்தின் டீசல் எரியாத காலத்துப் பனி. கீழே இறங்குவதே இதற்காகத்தான்.

மண்வெட்டியால் வெட்டினால் ரவை மாதிரி சரிகிறது. பீப்பாய்களில் நிரப்பி மூடி, சறுக்கு வண்டியில் ஏற்றினோம். ஒரு பீப்பாய்க்கு விரல்விட்டு எண்ணும் அளவே துகள்கள் தேறும். பல பீப்பாய்களில் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை அள்ளுகிறோம் என்ற எண்ணம் இன்று முழுக்க என்னை நிதானமாக வைத்திருந்தது. மண்வெட்டியை வேகமாக வீசத் தோன்றவே இல்லை.

மேலே ஏறியதும் சூரியனைச் சுற்றிப் பெரிய வட்டம், இரண்டு பக்கமும் பொய்ச் சூரியன்கள். காற்றில் மிதக்கும் பனிப்படிகங்களின் வேலை. "கோட்டை கட்டியிருக்கு, மழை வரும்" என்பார் பாட்டி. இங்கே மழை பெய்ததே இல்லை.

நாள் 13, 14

வெட்டினோம். ஏற்றினோம். தூங்கினோம்.

நாள் 15, உருக்கல்

சிறு கூடாரத்துக்குள் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி. சமையல் வாயு மாதிரியான புரொப்பேன் வாயுவில் தண்ணீரைச் சூடாக்கி, அந்தச் சூட்டால் பனியை உருக்குகிறோம். நெருப்பு பனியைத் தொடுவதில்லை. உருகிய நீர் 30 மைக்ரான் கண் உள்ள நைலான் வலை வழியே இறங்குகிறது. தொட்டியைக் கழுவ வேறு தண்ணீர் கிடையாது. இதே பனி உருகி வடிகட்டிய தண்ணீர்தான். முதல் பீப்பாய் போடும் முன் வெறும் ஓட்டம் ஒன்று ஓட்டிப் பார்த்தோம், தொட்டியே என்ன உதிர்க்கிறது என்று தெரிந்துகொள்ள.

தண்ணீரில் துகள் கிடக்கும் நேரத்தைச் சில மணிக்குள் அடக்க வேண்டும். கந்தகச் சேர்மங்கள் சில சீக்கிரம் கரைந்துவிடும்.

வீட்டில் அரிசி களையும்போது பாட்டி பாத்திரத்தைச் சாய்த்துச் சுழற்றுவார். அரிசி இந்தப் பாத்திரத்துக்குப் போகும், கல் அந்தப் பாத்திரத்தில் நிற்கும். அரிப்பது என்போம். வலையை நான் கழுவிய விதத்தைப் பார்த்த குழுத் தலைவர் "இதை எங்கே பயின்றாய்?" என்றார். சமையலறையில் என்றேன். அவர் சிரிக்கவில்லை, எப்படி என்று திரும்பச் செய்து காட்டச் சொன்னார்.

இரவு, அதாவது கடிகாரப்படி இரவு, நுண்ணோக்கி. வலையின் மேல் முதலில் தெரிந்தவை எங்கள் சொந்தக் குப்பை: ஒரு நீல நூல், ஒரு பெயின்ட் செதில், புகைக்கரி. அதன் பிறகு, வலைக்கண் ஒன்றின் மூலையில், ஒரு கரிய உருண்டை. கண்ணாடி போல் மின்னியது. வளிமண்டலத்தில் உருகித் துளியாகி, விழும்போதே உறைந்த துகள். நொடிக்குப் பதினொரு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் நுழைந்து, சில நொடிகளில் எரிந்து தணிந்தது. அது விழுந்த நாளில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று, உருகாதது. கரி அடுப்பில் உதிர்ந்த சாம்பல் துணுக்கு மாதிரி, ஓரமெல்லாம் பொரபொரவென்று, சுமார் 110 மைக்ரான். இதற்காகத்தான் வந்தேன். மெல்லிய பிரஷின் ஒற்றை முடியால் தொட்டேன். இந்த வறண்ட காற்றில் எல்லாவற்றிலும் மின்னேற்றம் ஏறிக் கிடக்கிறது. துகள் துள்ளி முடியில் ஒட்டிக்கொண்டது. அதைக் கண்ணாடித் தட்டில் இறக்கி முடிக்கும் வரை நான் மூச்சு விடவில்லை.

நாள் 17

என் தவறு. காற்று திசை மாறியிருந்ததைக் கவனிக்காமல் மூன்று பீப்பாய்களை மூடி திறந்தபடி கூடாரத்துக்கு வெளியே வைத்துவிட்டேன். நிலையத்தின் புகை அந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஒன்றும் விழாமல்கூட இருந்திருக்கலாம். ஆனால் விழவில்லை என்று சத்தியம் செய்ய முடியாது. இந்த வேலையில் அது ஒன்றுதான் கணக்கு. மூன்றையும் கொட்டினோம். மூன்று பேரின் அரைநாள் உழைப்பு. யாரும் என்னைத் திட்டவில்லை, அது இன்னும் கனமாக இருந்தது. மறுபடி குழிக்கு இறங்கி, சாப்பாட்டு நேரத்தில் நானே வெட்டி நிரப்பினேன்.

நாள் 21

கடைசிப் பீப்பாய். குழியை மூடவில்லை, காற்று பார்த்துக்கொள்ளும். மாலையில் இத்தாலிய மெக்கானிக் ஒருவர் வந்து நுண்ணோக்கியில் பார்க்க அனுமதி கேட்டார். பல கோடைகளாக இங்கே வருபவர். உருண்டையைப் பார்த்துவிட்டு, "நான் தினமும் இதன் மேல்தான் வண்டி ஓட்டுகிறேனா?" என்றார். ஆமாம் என்றேன். இன்னொரு தரம் குனிந்து பார்த்தார்.

அவரிடம் ஒரு கதை சொன்னேன். கோனன் என்ற ஜெர்மானிய நிலையத்துக்குப் பக்கத்தில் இருபது ஆண்டுக்குள் விழுந்த பனியில் 500 கிலோவை உறைந்தபடியே மியூனிக்குக்கு அனுப்பி உருக்கினார்கள். அதில் இரும்பு-60 அணுக்கள் சில கிடைத்ததை 2019-இல் வெளியிட்டார்கள். அந்த வகை இரும்பு பாதியாகத் தேய 26 லட்சம் ஆண்டு போதும். பூமி பிறந்தபோது இருந்தது எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆகவே அது வெடித்த விண்மீன் ஒன்றிலிருந்து, நம் காலத்தில், இந்தப் பனியின் மேல் வந்து விழுந்தது.

மார்ச், ஓர்சே (பாரிசுக்குத் தெற்கே)

எலக்ட்ரான் நுண்ணோக்கி அறை. துகள் ஒவ்வொன்றுக்கும் எண், படம், தனிமங்களின் பட்டியல். மக்னீசியம், சிலிக்கான், இரும்பு, கந்தகம், கூடவே கொஞ்சம் நிக்கல்: இந்த விகிதம் சூரியனில் அவை இருக்கும் விகிதத்தோடு ஒத்துப்போனால் அது விண்துகள். தாத்தா உரைகல்லில் கோடிழுத்து நிறம் பார்ப்பார். இது எங்கள் உரைகல்.

முதல் நாளே ஓர் இழப்பு. டோம் சியில் எல்லாரும் கொண்டாடிய அழகான உருண்டை ஒன்றில் நிக்கலோடு குரோமியம் எக்கச்சக்கமாக வந்தது. துருப்பிடிக்காத எஃகு. எங்கோ வெல்டிங்கில் தெறித்த பொறி. பட்டியலிலிருந்து அடித்தோம். வருத்தமாக இருந்தாலும், அடிக்க முடிகிறது என்பதில் ஒரு நிம்மதி. மீதி உள்ளவற்றை நம்பலாம்.

இந்த டோம் சி சேகரிப்பைத் தொடங்கி இருபது ஆண்டு வளர்த்தது ழான் துய்ப்ராவின் குழு. 2021-இல் வந்த அந்தக் கணக்குக்குப் பின்னால் இருப்பவை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துகள்கள். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் மூச்சை அடக்கி எடுத்திருக்கிறார். அதில் பெரும்பகுதி, ஏறக்குறைய எண்பது சதவீதம், வியாழனின் ஈர்ப்புக்கு ஆட்பட்டுச் சூரியனைச் சுற்றும் வால்மீன்களிலிருந்து வந்திருக்கும் என்பது அவர்கள் முடிவு.

ஏப்ரல், ஓர்சே

அந்தச் சாம்பல் துணுக்கின் முறை வந்தது. இரண்டு கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே வைத்து மெல்ல அழுத்தினோம். நான்கு துண்டாகப் பிளந்தது. ஒரு துண்டில் எலக்ட்ரான் கற்றையை வைத்ததும் கரியின், அதாவது கார்பனின், அளவைக் காட்டும் சிகரம் திரையை விட்டு மேலே போய்விட்டது. கூட இருந்தவர் நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

கரி மிகுந்த துகள்கள் என்று ஒரு தனி இனம் உண்டு. 2010-இல் துய்ப்ராவும் செசீல் ஆங்கிராவும் குழுவினரும் இப்படி இரண்டைப் பற்றி எழுதினார்கள். அவற்றில் பெரும்பகுதி கரிமப் பொருள்; அதற்குள் டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜனின் அளவு பூமியில் இருப்பதைப் போல் பத்து முதல் முப்பது மடங்கு. மிகக் குளிர்ந்த இடத்தில், சூரியக் குடும்பத்தின் வெளி ஓரத்தில், பனிக்கட்டிகளோடு சேர்ந்து உருவான பொருள் என்பதற்கான தடயம் அது. ரொசெட்டா விண்கலம் 67பி என்ற வால்மீனின் தூசியை அருகிலிருந்தே ஆராய்ந்தபோதும் எடையில் கிட்டத்தட்ட பாதி கரிமப் பொருள் என்றுதான் வந்தது. விண்கலம் அனுப்பிப் பார்க்க வேண்டிய ஒன்று, மண்வெட்டிக்குக் கிடைத்திருக்கலாம்.

கிடைத்துவிட்டது என்று இன்று நான் எழுத மாட்டேன். புகைக்கரியும் கரிதான். நைட்ரஜன் எவ்வளவு, டியூட்டீரியம் எவ்வளவு என்று பார்க்காமல் ஒன்றும் சொல்லக் கூடாது. மூன்று பீப்பாய்களைக் கொட்டியவருக்கு அது தெரியும்.

நான்கு துண்டில் இரண்டை யாரும் தொடுவதாக இல்லை. நாளை இதைவிட நல்ல கருவியோடு வரப்போகிறவர்களுக்கு அவை. அவற்றைத் தனிப் பெட்டியில் வைத்து எண் எழுதி, நைட்ரஜன் நிரப்பிய அலமாரியில் பூட்டினேன். மூன்றாவதைப் பொன்தகட்டின் மேல் வைத்து அழுத்தியாயிற்று. அது பக்கத்தில் இருக்கும் சொலேய் சிங்க்ரோட்ரான் என்ற, வலுவான ஒளிக்கற்றைகளை உண்டாக்கும் நிலையத்துக்குப் போகிறது, அகச்சிவப்புக் கற்றைக்கு. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் முறை.